மழையில் முழுகாத வண்டியும் ஏன் நிற்கிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

புயல் எச்சரிக்கை வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தின் இருபுறமும் கார்கள் வரிசைகட்டி விடுகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாமையும் பார்த்த ஊருக்கு இது நல்ல பழக்கம்தான். ஆனால் வெள்ளத்தில் முழுகாத வண்டிகளும் மழை விட்ட பிறகு பழுதாகி நிற்கின்றன. ஐப்பசியில் ஒயர் இணைப்புகளுக்குள் போன ஈரம் தை மாதத்தில்தான் வேலையைக் காட்டும். அதற்குள் மழையை எல்லோரும் மறந்துவிடுவதால் பழி சென்சார் மீதோ வண்டியின் கம்ப்யூட்டர் மீதோ விழுகிறது. நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள்.

ஒயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிதான் கப்ளர். பழுதான கப்ளர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். உள்ளே நாலைந்து பின்கள் இருக்கும். அவற்றில் பேட்டரியின் பாசிட்டிவோடு நேரடியாக இணைந்த பின் மட்டும் பச்சைக் களிம்பு பூத்து, ஊசிபோல் மெலிந்திருக்கும். பக்கத்தில் நெகட்டிவோடு இணைந்த எர்த் பின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு சொட்டு ஈரம் நின்றால் போதும், 12 வோல்ட் மின்சாரம் அதன் வழியே கசிந்து பாசிட்டிவ் பக்கத்துச் செம்பைக் கரைத்துவிடும். சாவியை எடுத்து வீட்டு வாசலில் நிறுத்திய வண்டியிலும் சில ஒயர்களில் எந்நேரமும் மின்சாரம் இருப்பதால் இந்த அரிப்பு இரவு பகல் பார்க்காமல் நடக்கும். உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்திலும், சாக்கடை கலந்த தெருத் தண்ணீரிலும் இன்னும் வேகமாக நடக்கும்.

இந்த ஈரம் உள்ளே போக நாமே திறந்துவிடும் வழிகளில் முதலாவது வாட்டர் சர்வீஸ். ஓடி வந்த சூட்டோடு பானட்டைத் திறந்து பிரஷர் கன்னால் அடிப்பது பெரிய தவறு. சூடான கப்ளருக்குள்ளும், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் உறைக்குள்ளும் இருக்கும் காற்று, குளிர்ந்த நீர் பட்டதும் சுருங்கும். சுருங்கும் காற்று ரப்பர் சீலின் ஓரத்தில் நிற்கும் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சும்மா மழை பட்டால் நுழையாத தண்ணீர் இப்படி நுழைந்துவிடும். எஞ்சின் தொட்டால் சுடாத அளவுக்கு ஆற வேண்டும். ஒரு மணி நேரமாவது விடுங்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இக்னிஷன் காயில், ஏர் ஃபில்டரின் வாய் ஆகிய நான்கையும் பாலிதீனால் மூடிக் கட்டுங்கள். பிரஷர் கன் வேண்டாம், ஈரத்துணியும் பிரஷ்ஷும் போதும். முடிந்ததும் பாலிதீனை மறக்காமல் எடுத்துவிடுங்கள். எஞ்சின் பளபளக்க டீசல் அடிக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அது ரப்பர் சீலை ஊதிப் பெருக்க வைத்து இறுக்கத்தைக் கெடுக்கும், புழுதியையும் பிடித்து வைக்கும். கட்டாயம் மறுத்துவிடுங்கள்.

இரண்டாவது வழி, வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு. கண்ணாடியில் வழியும் மழைநீர் அதன் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து, இரு மூலைத் துளைகள் வழியே சக்கரப் பக்கம் இறங்க வேண்டும். வேப்ப மரத்தடியிலோ புங்க மரத்தடியிலோ நிற்கும் வண்டியில் இலையும் பூவும் மக்கித் துளையை அடைத்துவிடும். பிறகு ஒரு பெருமழைக்கே பள்ளம் நிரம்பி, தண்ணீர் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸுக்கு வந்து சேரும். செப்டம்பரிலேயே குப்பையைக் கையால் அள்ளிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே சக்கரத்தின் பின்னால் கொட்டினால் சரி. சில வண்டிகளில் துளையின் முனையில் ரப்பர் நாக்கு இருக்கும், அதிலும் சேறு ஒட்டியிருக்கும். ஐந்து நிமிட வேலைதான். ஆனால் இதைச் செய்பவர்களை எண்ணிவிடலாம்.

மூன்றாவது, வண்டி வாங்கிய பிறகு மாட்டிய ஹாரன், ஃபாக் லைட், டேஷ் கேமரா. ஒயரின் தோலைச் சீவி, முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு பானட்டுக்குள் ஒரு கோடைகூடத் தாங்காது. சூட்டில் பசை இளகி டேப் அவிழும். திறந்த செம்பு இழைகள் திரிபோல் தண்ணீரை உறிஞ்சி, ஒயரின் தோலுக்குள்ளேயே பல அங்குலம் கொண்டுபோகும். வெளியே பார்த்தால் ஒயர் நன்றாகத்தான் தெரியும், சீவினால் உள்ளே கறுத்திருக்கும். சூடுகாட்டினால் சுருங்கி ஒயரை இறுக்கும் குழாய்தான் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். உள்புறம் பசை பூசிய ஸ்லீவ் போடச் சொல்லிக் கேளுங்கள். சூடுகாட்டும்போது இரு முனையிலும் பசை பிதுங்கினால்தான் அது மூடியதாக அர்த்தம். ஒயர் கப்ளருக்குள் நுழையும் முன் சற்றுக் கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், வழியும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். மழைக்காலத்தில் பானட்டுக்குள் ஒண்டும் எலி கடித்த ஒயரும் இதே கதைதான். டேப் ஒட்டித் திருப்திப்படாதீர்கள்.

பாதுகாப்பதாக நினைத்துக் கெடுப்பதும் உண்டு. குளியலறைக்கு அடிக்கும் சிலிக்கான் பசையை எடுத்து ஃபியூஸ் பாக்ஸைச் சுற்றிப் பூசுகிறார்கள். வினிகர்போல் நெடி வரும் பசை உலரும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலமே செம்பை அரிக்கும். பாக்ஸின் அடியில் இருக்கும் வடிதுளையையும் சேர்த்து அடைத்துவிட்டால் உள்ளே வியர்க்கும் நீர் வெளியேற வழியே இல்லை. கப்ளருக்குச் சக்கர பேரிங் கிரீஸும் ஆகாது. மின்சாதனங்களுக்கென விற்கும் சிலிக்கான் கிரீஸை ரப்பர் சீலைச் சுற்றி மெல்லியதாகப் பூசினால் போதும், ஒரு கப்ளருக்கு ஓர் உளுந்து அளவு. டபிள்யூடி-40 ஸ்ப்ரே ஈரத்தை விரட்டும், அந்த அவசரத்துக்கு உதவும். அதை நிரந்தரக் காப்பாக நம்பக் கூடாது. பூசும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, கப்ளரின் பூட்டை அமுக்கி உடலைப் பிடித்து இழுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் பின் உள்ளேயே கழன்றுவிடும்.

பேட்டரி டெர்மினலில் பூக்கும் வெள்ளைப் பொடிக்கு ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பச் சோடா கலந்து பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். கரைசல் பேட்டரி மூடித் துளைக்குள் போகக் கூடாது. துடைத்து உலர்த்தி, இறுக்கிய பிறகு பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை எவரும் பார்ப்பதில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டைத் தாண்டினால் அந்த எர்த் வழியில் எங்கோ துரு. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினால் பாதிப் புகார்கள் அங்கேயே தீரும்.

இத்தனைக்கும் பிறகு வண்டி தண்ணீரில் முழுகிவிட்டால் சாவியைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். முழுகிய பிறகு ஸ்டார்ட் செய்து கெடுத்த எஞ்சினுக்குச் சாதாரண காப்பீட்டில் பணம் கிடைப்பது கடினம். எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இருக்கிறதா என்பதை மழைக்கு முன்பே பாலிசியில் பாருங்கள். தண்ணீர் வடிந்ததும் கதவைத் திறந்து வைத்துவிட்டு நெகட்டிவைக் கழற்றுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாமல் கம்பெனி ஆளை அழையுங்கள். மற்ற வண்டிகளில் சேறு காய்வதற்குள் கப்ளர்களைப் பிரித்து நல்ல தண்ணீரிலும், பிறகு டிஸ்டில்டு வாட்டரிலும் அலசி, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, குறைந்த அழுத்தக் காற்றில் ஊதி உலர்த்த வேண்டும். வெயிலில் வெறுமனே காயவைத்தால் தண்ணீர் போகும், உப்பு அப்படியே பின்னில் நிற்கும்.

வாட்டர் சர்வீஸ் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். பானட்டுக்குள் ஈரத்துணியைக் கொண்டுபோகும் முன் எஞ்சின் ஆறிவிட்டதா என்று கையை வைத்துப் பாருங்கள். ஆறாவிட்டால் வெளிப்பக்கத்தை முதலில் கழுவிக்கொண்டிருங்கள், ஆறிய பிறகு எஞ்சினுக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் சிலர்,
தென்சென்னை