ஃபைட்டரா, ஹெலிகாப்டரா: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு மாப்ள,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடாமல் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய், ரொம்ப சந்தோஷம். உன் மதினிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தும் கருப்புக் கண்ணாடியுமாக இருக்கிறாள், அதனால் கடிதத்தை நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாப்பா தனியாக விமானம் ஓட்டி இறங்கிவிட்டாள் என்ற இடம் வந்ததும், "அதை இன்னொரு தடவை படிங்க" என்றாள். நம் கணக்கு வாத்தியார் தவறிவிட்டார் என்று எழுதியிருந்தாய். மனசு கனத்துப்போனது. அவர் வீட்டுக்குப் போனால் என் பேரையும் சொல்லி விசாரித்துவிட்டு வா.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். துண்டிகல் விமானப்படை அகாடமியில் முதல் கட்டப் பயிற்சி முடியப்போகிறது. ஃபைட்டர், ஹெலிகாப்டர், டிரான்ஸ்போர்ட் மூன்றில் எதை முதல் விருப்பமாக எழுதுவது என்று பாப்பா கேட்கிறாள், வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறீர்கள். உனக்கு ஃபைட்டர் ஆசை. தங்கச்சிக்கு ஜெட் என்றாலே பயம், ஹெலிகாப்டர் போதும் என்கிறாள். உன் மச்சினன் டிரான்ஸ்போர்ட் எடுத்தால் பின்னால் ஏர்லைன்ஸ் வேலை கிடைக்கும் என்கிறான். மூன்று பேர் சொல்வதிலும் பாசம் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு அந்த காக்பிட்டில் எது பிடித்திருக்கிறது என்று மூன்று பேரில் ஒருவரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. என் சர்வீஸ் முழுவதும் ஹெலிகாப்டரில் போனது, அந்தப் பக்கம் எனக்குச் சாய்வு உண்டு. அதைத் தெரிந்துகொண்டே மேலே படி.

அவள் எழுதிக் கொடுப்பது விருப்பம்தான், முடிவு அகாடமியுடையது. பிலாட்டஸ் பயிற்சி விமானத்தில் அவள் எப்படிப் பறந்தாள், மெரிட்டில் எங்கே நிற்கிறாள், இன்ஸ்ட்ரக்டர்கள் என்ன குறிப்பு எழுதினார்கள், இந்த கோர்ஸில் எந்தப் பிரிவுக்கு எத்தனை பேர் தேவை என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். உடம்பின் அளவும் கணக்கில் வரும். விமானிக்குத் தொடை நீளம் 64 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது, கால் நீளம் 99 முதல் 120 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று சேரும்போதே டேப் வைத்து அளந்திருப்பார்கள். தொடை நீளமாக இருந்தால் எஜெக்‌ஷன் சீட்டில் (ஆபத்தில் விமானியோடு வெளியே பாயும் இருக்கை) வெளியே போகும்போது முட்டி முன்பலகையில் மோதும். அதனால் முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் வீட்டில் யாரும் இழவு வீடு மாதிரி உட்காராதீர்கள், அதைப் பார்த்தால் பிள்ளை உடைந்துபோவாள். இதை உனக்குத்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஃபைட்டர் கிடைத்தால் ஒரு கட்டத்தில் பீதரில் ஹாக் பயிற்சி ஜெட் ஓட்டுவாள். அதற்குப் பிறகு சுகோய், தேஜஸ், ரஃபேல் என்று எதுவும் வரலாம். சூலூரிலிருந்து தேஜஸ் கிளம்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிரும். இன்றைக்கும் செருப்பைக்கூடப் போடாமல் மொட்டை மாடிக்கு ஓடுகிறேன். அந்தக் கவர்ச்சி பொய் இல்லை. ஆனால் உள்ளே இருப்பவளுக்கு அது கடுமையான உடல் உழைப்பு. 9 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல் 9 மடங்கு விசை தாக்கும் திருப்பத்தில் 60 கிலோ உடம்பு 540 கிலோவாகக் கனக்கும். ரத்தம் தலையிலிருந்து இறங்கும், பார்வை ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வரும். ஜி-சூட் காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும், இவளும் தொடையை முறுக்கி மூச்சை அடக்கி அடக்கி விட்டுக்கொண்டு எதிரியைத் தேட வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம் என்றால் அதற்கு முன்னும் பின்னும் அதைவிட நீளமாக பிரீஃபிங்கும் டீபிரீஃபிங்கும் நடக்கும். நொடி நொடியாகப் பிரித்துப் போட்டு, "இங்கே ஏன் திரும்பினாய்?" என்று கேட்பார்கள். ஒற்றை இருக்கை விமானம் என்றால் பக்கத்தில் கேட்க ஆள் கிடையாது. அடுத்த நிமிடத்து வேலையை இந்த நிமிடமே மனசுக்குள் முடித்துவைக்கிற பிள்ளைகள்தான் அங்கே செழிப்பார்கள். பெண்பிள்ளைக்கு இது சரிவருமா என்று உங்கள் வீட்டில் யாரோ கேட்டதாக எழுதியிருந்தாய். அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் 2016 ஜூனில் ஃபைட்டர் பிரிவில் சேர்ந்தபோதே அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. ஹெலிகாப்டரில் அதற்கும் முன்பே பெண்கள் வந்தாயிற்று. 1999 கார்கிலில் குஞ்சன் சக்சேனா சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டினார்.

ஹெலிகாப்டர் கதை வேறு. ஹக்கிம்பேட்டையில் சேத்தக் ஹெலிகாப்டரில் முதல் நாள் உட்காரும்வரை யாருக்கும் அது புரியாது. இடது கையில் மிஷினை ஏற்றி இறக்கும் கலெக்டிவ், வலது கையில் அதை முன்பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் சைக்ளிக், இரண்டு காலிலும் மூக்கைத் திருப்பும் பெடல். பெரிய மைதானத்தைக் காட்டி, "இதுக்குள்ளே எங்கேயாவது ஒரு இடத்துல நிறுத்து" என்பார் இன்ஸ்ட்ரக்டர். கலெக்டிவைக் கொஞ்சம் தூக்கினால் மிஷின் எழும்பும், உடனே மூக்கு இடது பக்கம் ஓடும். வலது பெடலை அழுத்தினால் மூக்கு நிற்கும், ஆனால் மிஷின் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். அதை சைக்ளிக்கில் பிடித்தால் உயரம் குறையும். ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் கலையும். சின்ன வயசில் நீயும் நானும் தெருவில் விளக்குமாற்றுக் குச்சியை உள்ளங்கையில் நிறுத்தி ஓடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? குச்சியின் நுனியைத்தான் பார்ப்போம், கை தானாக நகரும். அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்கும் ஹோவரும் அப்படித்தான். பக்கத்துத் தரையைப் பார்க்காமல் தூரத்து மரத்தைப் பார்க்கப் பழக வேண்டும். அடித்துப் பிடித்து ஓட்டுகிற கைக்கு அது வராது. பிறகு ஒரு காலையில் மிஷின் தரைக்கு மேலே அசையாமல் நிற்கும், இன்ஸ்ட்ரக்டர் பேச்சை நிறுத்திவிடுவார்.

எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று தங்கச்சி கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. உடனே கலெக்டிவை முழுக்கக் கீழே இறக்க வேண்டும். மிஷின் இறங்க இறங்க, கீழிருந்து மேலே வரும் காற்றே விசிறியைச் சுற்ற வைக்கும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கி வேகத்தைக் கொன்று, சுழலும் விசிறியில் மிச்சம் இருக்கும் பலத்தைக் கடைசியில் செலவழித்து மெதுவாக இறங்கலாம். ஆட்டோரொட்டேஷன் என்பது இதுதான். 1972 ஜூன் 21 அன்று பிரான்சில் ழான் பூலே என்ற விமானி லாமா ஹெலிகாப்டரை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே எஞ்சின் அணைந்துவிட்டது, மறுபடி பிடிக்கவில்லை. அவ்வளவு உயரத்திலிருந்தும் எஞ்சின் இல்லாமலே இறங்கினார்.

அந்த லாமாதான் நம் சீட்டா. 1984 ஏப்ரலில் சியாச்சினைப் பிடிக்க நம் ராணுவம் ஆபரேஷன் மேகதூத் தொடங்கிய நாளிலிருந்து சியாச்சின் போஸ்டுகளுக்கு உயிர்நாடியாக இருந்தது அதுதான். லடாக்கில் நான் இருந்தபோது எரிபொருளை லிட்டர் லிட்டராகக் கணக்குப் போடுவோம். மேலே காற்று அவ்வளவு மெல்லியது, பத்து கிலோ கூடினாலும் எழும்புமா என்று யோசிக்க வேண்டும். ஹெலிபேட் என்பது பனியில் ஒரு சமதளம், அவ்வளவுதான். எஞ்சினை அணைப்பதில்லை, அணைத்தால் அங்கே திரும்பப் பிடிக்குமோ என்னவோ. சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் ஸ்கிட் கம்பி பனியைத் தொட்டதும் கதவு திறக்கும், மண்ணெண்ணெய் கேன் இறங்கும், தபால் மூட்டை இறங்கும். உறைந்து கறுத்த விரல்களோடு ஒரு ஜவானை ஏற்றுவார்கள். யாரும் யாரோடும் பேச நேரம் இருக்காது. வருகிறவன் முகத்தை ஒரு கணம் பார்ப்பாய், அதற்குள் கிளம்பியிருப்பாய். இதை உனக்கு நான் முன்னே சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

எம்ஐ-17 என்ற பெரிய ஹெலிகாப்டருக்குப் போனபோது இன்னொன்று புரிந்தது. அங்கே விமானி தனி ஆள் இல்லை. இரண்டு விமானிகள், ஒரு ஃப்ளைட் எஞ்சினியர், கதவோரம் படுத்துக்கொண்டு வால் எங்கே இருக்கிறது, கல் எங்கே இருக்கிறது என்று இன்டர்காமில் சொல்லிக்கொண்டே இருக்கும் ஒருவர். எனக்குத் தெரியாத இடத்தை அவர் கண்ணால் பார்த்து மிஷினை இறக்க வேண்டும். 2018 கேரள வெள்ளத்தில் சாலக்குடியில் கடற்படையின் சீகிங் ஹெலிகாப்டர் ஒரு மொட்டை மாடியில் நின்றதை டிவியில் பார்த்திருப்பாய். கூரை தாங்காது என்று முழு எடையையும் வைக்காமல், பாதிப் பாரத்தை விசிறியிலேயே தாங்கிக்கொண்டு 8 நிமிடம் நின்றார்கள். 26 பேர் ஏறினார்கள். அந்த 8 நிமிடமும் கைகள் என்ன செய்துகொண்டிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்படி ஒரு வேலையை எந்தத் திட்டத்திலும் முன்கூட்டி எழுதிவைக்க முடியாது, போன இடத்தில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஹெலிகாப்டர் என்றால் இரண்டாம் தரம் என்ற பேச்சு கேடட்கள் நடுவே அன்றும் இருந்தது, இன்றும் இருக்கும். பாப்பா காதிலும் விழுந்திருக்கும். எனக்கு அதைக் கேட்டால் இன்றும் கோபம் வரும். 1992 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தில் பர்வானூ பக்கம் கேபிள் கார் ஒன்று பள்ளத்தாக்குக்கு நடுவே அந்தரத்தில் சிக்கிக்கொண்டது. எம்ஐ-17ஐ மேலே நிறுத்திப் பிடித்தவர் ஃபாலி ஹோமி மேஜர். அதிலிருந்து கயிற்றில் இறங்கிப்போய் ஆட்களை மீட்டவர் பாரா கமாண்டோ கிராஸ்டோ. அந்த மேஜர்தான் 2007-ல் விமானப்படைத் தளபதி ஆனார், ஹெலிகாப்டர் பிரிவிலிருந்து வந்த முதல் தளபதி. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன்: அந்த நாற்காலிக்குப் போனவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஃபைட்டர் விமானிகள். பதவி ஏணியை மட்டும் பார்த்தால் ஃபைட்டர் பக்கம்தான் சாய வேண்டும்.

தங்கச்சியிடம் நீயே பக்குவமாகச் சொல். ஹெலிகாப்டர் பாதுகாப்பு, ஜெட் ஆபத்து என்று ஒரு கணக்கு கிடையாது. ஜெட்டில் எஜெக்‌ஷன் சீட் உண்டு, எங்களிடம் அது இல்லை. அந்த சீட்டும் சும்மா விடாது. கார்கிலில் மிக்-27 போர் விமானத்தின் எஞ்சின் அணைந்து வெளியே குதித்த நசிகேதா உயிரோடு திரும்பினார், ஆனால் முதுகெலும்பு அடிபட்டதால் பிறகு டிரான்ஸ்போர்ட் விமானம்தான் ஓட்டினார். எங்கள் பக்கம் 2013 ஜூனில் உத்தராகண்ட் வெள்ள மீட்பில் கௌரிகுண்ட் அருகே எம்ஐ-17 விழுந்து 20 பேர் போனார்கள். 2021 டிசம்பர் 8 உனக்கே ஞாபகம் இருக்கும். சூலூரிலிருந்து கிளம்பி வெலிங்டன் போன எம்ஐ-17 குன்னூர் மேகத்தில் மலையில் மோதியது. ஜெனரல் பிபின் ராவத்தோடு சேர்த்து 14 பேரை இழந்தோம். அதில் ஒருவர் குரூப் கேப்டன் வருண் சிங். 2020-ல் கட்டுப்பாடு இழந்த தேஜஸை விட்டுக் குதிக்காமல் ஓட்டிவந்து இறக்கியதற்கு சௌர்ய சக்ரா வாங்கியவர். அன்றைக்கு அவர் பயணியாகத்தான் உட்கார்ந்திருந்தார். அதனால் பயத்தை வைத்துப் பிரிவு தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று தங்கச்சியைக் கேட்டுக்கொள்கிறேன்.

மச்சினன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹெலிகாப்டரில் எத்தனை ஆயிரம் மணி நேரம் பறந்திருந்தாலும் ஏர்லைன்ஸுக்கு அந்த லைசென்ஸ் செல்லாது. தனியாகப் படித்து, விமானத்தில் தனியாக மணி சேர்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் பலர் மும்பை ஹை எண்ணெய் மேடைகளுக்கும் கேதார்நாத்துக்கும்தான் ஓட்டுகிறார்கள். நல்ல சம்பளம்தான், ஆனால் வாய்ப்பு குறைவு. இருபதைத் தாண்டிய பிள்ளைக்கு இன்னும் இருபது வருஷம் கழித்து வரப்போகும் வேலையை இப்போதே முடிவு செய்து வைக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

நீ அவளிடம் எதை எழுதப்போகிறாய் என்று கேட்காதே. ஒரு தடவை பறந்து முடித்து வந்து எதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறாள் என்று கவனி. லூப், ரோல் என்று வானத்தில் கரணம் போட்டதையும், ஃபார்மேஷனில் பக்கத்து விமானத்தின் இறக்கையை ஒட்டிப் பறந்ததையும், நொடி தப்பாமல் முடித்ததையும் சொல்கிறாளா? ஃபைட்டரை முதலில் எழுதட்டும், யாரும் தடுக்காதீர்கள். தாழப் பறந்தபோது தெரிந்த ஏரியையும் களத்து மேட்டையும், பழக்கத்துக்காக எஞ்சினைக் குறைத்துவிட்டு எந்த வயலில் இறங்கலாம் என்று தேடியதையும் சொல்கிறாளா? அவளுக்கு எங்கள் பக்கம் இடம் இருக்கிறது. நீ எழுதிய கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது. சோலோ முடிந்து பேசியபோது, தரையிலிருந்து கை காட்டிய ஒரு விவசாயியைப் பற்றித்தான் அவள் அதிக நேரம் சொன்னாள் என்று. அதை நான் ரெண்டு தடவை படித்தேன். ஒரு வரியை வைத்து முடிவு சொல்லிவிட முடியாது, இருந்தாலும் எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

போன் கையில் கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூப்பிடச் சொல். நான் எந்தப் பக்கமும் இழுக்க மாட்டேன். கேட்கத்தான் எனக்குக் கேள்விகள் இருக்கின்றன. படிவத்தை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று நீ எழுதவில்லை, அதை மறக்காமல் தெரியப்படுத்து. லீவுக்கு வரும்போது கோவை வழியாக வந்தால் ரெண்டு நாள் இங்கே தங்கட்டும். மதினி இப்போதே முறுக்குக்கு அரிசி ஊறவைக்கிற யோசனையில் இருக்கிறாள், கண் ஆறட்டும் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். உன் சர்க்கரை அளவு என்ன என்றும் எழுது. போன தடவையும் அதை மட்டும் விட்டுவிட்டாய்.

அன்புடன்,
உன் மாப்ள