கணினி நிலையத்துக்கு முன்

மல்லாவி
மாசி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே காலபோக நெல் வெட்டு முடிகிற நேரம். விளைச்சலுக்குக் குறையில்லை, ஆனால் கடைசியில் பெய்த மழையால் நெல்லில் ஈரம் கூடிவிட்டது. அதைச் சாட்டி எவ்வளவு விலை குறைப்பார்கள் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் முழங்கால் நோ தணிந்திருக்கிறது. யானைத் தொல்லைதான் தீரவில்லை. இப்போது யானை குளக்கட்டில் ஏறியதுமே யாராவது வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டுவிடுகிறார்கள். வெடியும் கையுமாக எல்லோரும் ஓடுகிறோம். கைத்தொலைபேசி எங்கள் கமக்காரருக்குச் செய்த ஆகப் பெரிய உபகாரம் இதுதான் என்றால் சிரிக்காதே.

நீங்கள் ஊர்ச் சங்கக் காசில் இங்கே ஒரு கணினி நிலையம் கட்ட யோசிப்பதாக எழுதியிருந்தாய். தகவல் கிடைத்தால் வறுமை குறையும் என்று கேரள மீனவரை உதாரணம் காட்டியிருந்தாய். பொருளியலாளர் ரொபேட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட அந்த ஆய்வு எனக்கும் தெரியும். 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கரையோரத்துக்குக் கைத்தொலைபேசி வந்தது. கடலில் நின்றபடியே எந்தக் கரையில் நல்ல விலை என்று கேட்டறிந்து படகைத் திருப்பினார்கள். வாங்க ஆளில்லாமல் மீனைக் கடலில் கொட்டுவது நின்றது. மீனவரின் இலாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குவோருக்கும் விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. அருமையான கதைதான். ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: படகைத் திருப்ப மீனவனுக்கு உரிமை இருக்க வேண்டும். முல்லைத்தீவில் மீன் முதலாளியான சம்மாட்டியிடம் வலைக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் வாங்கியவன் எந்தக் கரையில் என்ன விலை என்று தெரிந்து என்ன செய்வான்? மீன் சம்மாட்டியின் வாடிக்குத்தான், அந்தக் கரையோரக் கொட்டிலுக்குத்தான் போகும்.

எங்கள் பக்கமும் இதே கதைதான். தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் பூசணி என்ன விலை போகிறது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காலையில் ஒரு அழைப்பு எடுத்தால் போதும். ஆனால் ஐப்பசியில் விதைநெல்லுக்கும் பசளைக்கும் உழவுக்கும் முதலாளியிடம் கடன் வாங்கியவன், மாசியில் அவர் சொல்லும் விலைக்கு, அவருடைய தராசிலேயே நிறுத்துக் கொடுக்கிறான். விலை தெரியாமல் ஏமாந்த காலத்தைவிட, தெரிந்துகொண்டே கொடுக்கிற இப்போதுதான் வயிறு கூடுதலாக எரிகிறது.

கணினி நிலையம் ஒன்றும் புதிய யோசனையுமில்லை. இலங்கை அரசாங்கம் 2005 அளவிலேயே நெனசல என்ற பெயரில் கிராமக் கணினி நிலையங்களைத் தொடங்கியது. இன்று இளைஞர் எல்லோர் கையிலும் அதைவிட நல்ல கருவி இருக்கிறது. ரீலோட் போடக் காசு இல்லாததுதான் குறை. பங்களாதேசத்தில் 1997இல் கிராமீன் வங்கிக் கடனில் தொலைபேசி வாங்கி, ஊராருக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்துப் பிழைத்த பெண்களை நினைத்துப் பார். ஊரில் அந்த ஒரு தொலைபேசி இருந்த வரைக்கும்தான் அந்த வருமானம் இருந்தது.

எனக்குப் பிடித்தது கென்யாவின் எம்-பெசாதான். 2007இல் வந்தது, சாதாரணத் தொலைபேசியிலேயே பணம் அனுப்பலாம். ஏறத்தாழ 194,000 குடும்பங்கள் அதனால் கடும் வறுமையிலிருந்து மீண்டதாக 2016இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கே நன்மை அதிகம். போருக்குப் பிறகு வன்னியில் அப்படியான குடும்பங்கள் எத்தனை என்று உனக்குத் தெரியும். கென்யாவில் வேலை செய்தது தொலைபேசி மட்டுமல்ல, காசை வாங்கிக் கொடுக்கப் பக்கத்துக் கடையிலேயே ஒரு முகவர் இருந்ததும்தான். இங்கேயோ வாராவாரம் நுண்கடன் தவணைக்கு வாசலில் வந்து நிற்கிறவர்களிடமும் ஒரு தொலைபேசி இருக்கிறது. நினைவூட்டக் குறுஞ்செய்தியும் அனுப்புகிறார்கள்.

ஆகையால் கட்டடம் வேண்டாம். அந்தக் காசைப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு சுழல்நிதியாக, திரும்பி வரும் கடனை அடுத்தவருக்குக் கொடுக்கும் நிதியாகப் போடுங்கள். விதைப்புக்கு முற்பணம் அங்கேயே கிடைக்கட்டும். ஒரு நல்ல தராசும், நெல் காயவைக்கச் சீமெந்துக் களமும் இருந்தால் இன்னும் நல்லது. முதலாளியிடம் கடன் இல்லாதவன்தான் தொலைபேசியை எடுத்து மூன்று பேரிடம் விலை கேட்பான். நிதிக் கணக்கை மாதாமாதம் படம் எடுத்து உங்கள் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கேயுள்ளவர்களுக்கும் நம்பிக்கை வரும்.

சங்கத் தலைவருக்குக் கட்டடத்தில் பெயர் பொறிக்கும் ஆசை இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். களத்தின் ஓரத்தில் பொறித்துவிடலாம் என்று சொல். சித்திரையில் அடுத்த கூட்டம் என்றாய், அதற்கு முன் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கு விவரங்களைக் கேட்டு வாங்கி அனுப்புகிறேன். பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் பழைய கூட்டாளி