செவலைப் பசுவைப் பார்த்தாயா?

ஊத்தங்கரை,
22.12.2024

அன்புள்ள கமலா,

மூன்று வாரமாக உன் போனை எடுக்கவில்லை. போன் வெள்ளச் சேற்றில் போனது உண்மைதான். ஆனால் நாலாம் நாளே தம்பி வேறு போன் கொடுத்துவிட்டான். அப்புறமும் பேசவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியே. சரோஜாவுக்கு இந்தத் தடவையும் பெண்தான், வார்டன் அக்கா ஜோசியம் பலித்துவிட்டது.

"உங்க ஊர் ஏரியில கிரிக்கெட்தான் ஆடலாம்" என்பாயே, அந்த ஏரிதான் நிரம்பி வழிந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியதும் நமக்கென்ன என்று இருந்துவிட்டோம். ஒண்ணாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை, திங்கள் காலைக்குள் 50 சென்டிமீட்டர். அரூரில் 33. இங்கே வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கும் மேல் ஒரே ராத்திரியில் கொட்டிவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் நிறுத்தியிருந்த வேனும் காரும் காகிதக் கப்பல் மாதிரி போயின.

கடையில் மூன்று மிஷினுக்கும் மோட்டார் போச்சு. வெட்டி வைத்திருந்த ஜாக்கெட் துணி எல்லாம் ஒரே செம்மண் நிறம். அளவு நோட்டு கூழாகிவிட்டது. திட்டத்தான் வருவார்கள் என்று பயந்தேன், ஒருத்தி கூடத் திட்டவில்லை. மேட்டுத் தெரு அம்மா மட்டும், "துணி போனாப் போகுது, அளவு ஜாக்கெட் இருக்கா பாரு" என்றாள். அவளுடைய செத்துப்போன மகளுடையதாம். பேத்திக்குப் பொருந்தும் என்று கொடுத்திருந்தாளாம். எனக்கு அது தெரியாதடி. வாய்க்கால் வரைக்கும் போய்த் தேடினேன், கிடைக்கவில்லை.

உனக்கு அரசாங்கத்தின் வெள்ள நிவாரணம் 2,000 ரூபாய் வந்ததா? முதலில் அறிவித்தபோது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி என்று மூன்று பெயர்தான் இருந்தது. வறண்ட மாவட்டத்துக்காரர்களுக்கு வெள்ளம் வந்தால் யாருக்கும் சட்டென்று நம்பிக்கை வருவதில்லை போல. ரொம்பப் பீற்றிக்கொள்ளாதே.

இப்போது நான் பேசாத காரணம். திங்கள் மத்தியானம் எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்தது. "அப்பாடா, போச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். எங்கே போச்சு என்று யோசிக்கவில்லை. சாயங்காலம் டிவியில் பார்த்தால், அன்று விடியற்காலை சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்களாம். இங்கிருந்து பாம்பாறு, அப்புறம் தென்பெண்ணை, அப்புறம் சாத்தனூர், அப்புறம் கடலூரில் உன் வாசல். உன் வீட்டில் கழுத்தளவு தண்ணீர் என்று தம்பி சொன்னபோது, நான்தான் தள்ளிவிட்டேன் என்கிற மாதிரி இருந்தது. பைத்தியம் என்று சிரிப்பாய், சிரி. ஆனால் "எப்படி இருக்கே" என்று கேட்க நாக்கு வரவில்லை.

எழுத வைத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. ஓடையோரம் கட்டியிருந்த இரண்டு மாட்டில் ஒன்று செத்துக் கிடந்தது. போட்டோ, டாக்டர் சர்ட்டிபிகேட் எல்லாம் கொடுத்தாயிற்று, 37,500 வரும் என்கிறார்கள். இன்னொன்றைக் காணவே காணோம். காணாத மாட்டுக்கு எப்படி எழுதுவது என்று கேட்டுவிட்டார்கள். பாட்டி என்னிடம் வந்து, "உன் சிநேகிதி கடலூர்லதானே? ஆத்தோட போயிருந்தா அங்கதானே கரை ஏறியிருக்கும், கேட்டுச் சொல்லு" என்கிறாள். தினமும் கேட்கிறாள்.

செவலை. இடது கொம்பு பாதி முறிந்தது. நெற்றியில் வெள்ளை. இருக்காது என்று எனக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் ஆற்றங்கரையில் நாலு பேரிடம் கேட்டுப் பார்த்து ஒரு வரி எழுது. நான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

உன்,
ராணி