மூன்று தடவை "நல்லா இருக்கேன்"

அன்புள்ள பாப்பாவுக்கு,

வேலை போய் உட்கார்ந்திருக்கும் நீ, நேற்று போனில் மூன்று தடவை "நல்லா இருக்கேம்மா" என்றாய். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் நம்பியிருப்பேன்.

இரண்டு நாள் உன்னோடு வந்து இருக்கிறேன் என்ற உன் தோழியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாயாம். அவள்தான் சொன்னாள், கோபித்துக்கொள்ளாதே. கேட்டால், "எனக்கு நானே பாவம் பார்த்துட்டு உட்கார முடியாதும்மா" என்கிறாய். அவளுக்கு வேலை போயிருந்தால், "உனக்குச் சாமர்த்தியம் போதாது" என்றா சொல்லியிருப்பாய்? உனக்கு நீ அதைத்தான் ராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியல் ஆய்வாளர் 2003-லேயே இதைப் பிரித்து எழுதியிருக்கிறார். "எனக்கு மட்டும் ஏன் இப்படி" என்று தனியே உட்கார்ந்து புலம்புவது கழிவிரக்கம். "இது எல்லாருக்கும் வருவதுதான், இப்போது எனக்கு வலிக்கிறது" என்று வலியைக் கூட்டாமலும் குறைக்காமலும் பார்த்து, தன்னிடம் கனிவாக இருப்பது வேறு. நீ முதலாவதற்குப் பயந்து இரண்டாவதையும் சேர்த்து விரட்டுகிறாய்.

நானும் இப்படித்தான் இருந்தேன். நீ ஐந்தாவது படிக்கும்போது எனக்கு வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்பா தலை பின்னிவிட வந்தார். "நானே பார்த்துக்குவேன்" என்று ஒற்றைக் கையோடு மல்லாடினேன். நாலாம் நாள் முடி முழுக்கச் சிக்கு. பேசாமல் அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். மனிதருக்கு நுனியிலிருந்து சிக்கெடுக்கத் தெரியவில்லை. உச்சியிலிருந்து சீப்பைப் போட்டு இழுத்தார். உயிர் போயிற்று. பின்னல் வேறு காதுப்பக்கம் தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உதவி என்று வந்தால் அது அவர்கள் கைப்பாங்கில்தான் வரும், நம் கைப்பாங்கில் வராது. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று மதியம் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

மூன்றாவது வாரம் அவரே நுனியிலிருந்து சீவக் கற்றுக்கொண்டார். கட்டுப் பிரித்ததும் சீப்பை நான் எடுத்தேன். அவர் முகம் சின்னதாகிவிட்டது.

உன் தோழிக்கு இன்றைக்கே போன் போட்டு வரச் சொல். அவள் வருகிறாளே என்று வீட்டை ஒதுங்க வைத்துக்கொண்டிருக்காதே. அப்படியே கிடக்கட்டும்.

அன்புடன்,
அம்மா