சாயத்தைச் சேர்ந்து போடுவோம்: சின்ன ஆடை பிராண்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூரிலும் ஈரோட்டிலும் துணி எடுத்து, சொந்தப் பெயரில் டி-ஷர்ட்டும் குர்த்தாவும் குழந்தைத் துணியும் விற்கிற சின்ன பிராண்ட்காரர்களுக்கு,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்தி. ஒரு டிசைனில் இருநூறு, முந்நூறு பீஸ் தைத்து, அது விற்ற பிறகு அடுத்ததை யோசிக்கிறவள். நம்மில் பெரும்பாலானோர் டேக்கில் 'எக்கோ ஃப்ரெண்ட்லி', 'சஸ்டெயினபிள்', 'எதிக்கல்' என்று ஏதாவது ஒன்றைப் போடுகிறோம். மனதாரத்தான் போடுகிறோம். பிளாஸ்டிக் கவரை விட்டுவிட்டுத் துணிப்பைக்கு மாறினோம், டேக்கைப் பழுப்பு அட்டையில் அடித்தோம், கட்டிங் வேஸ்ட்டில் பொம்மையும் ஹேர் பேண்டும் செய்தோம். எல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் நம்முடைய துணி இந்த மண்ணுக்கு என்ன செய்கிறது என்பது பேக்கிங் டேபிளில் முடிவாவதில்லை, சாயப்பட்டறையில் முடிவாகிறது. அங்கே நம் சின்ன ஆர்டர் எப்படி நடக்கிறது என்று பேசத்தான் இந்தக் கடிதம். கூடவே ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

நொய்யலின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் குளமாகிப் போனது. கிணற்றுத் தண்ணீர் உப்பானது, வயல் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே போகக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் சொன்னது. அது நடக்கவில்லை என்று 2011 ஜனவரியில் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. அந்த மாதங்களில் வேலையில்லாமல் ஊருக்குத் திரும்பியவர்களை நம் எல்லோருக்கும் தெரியும். விவசாயி ஒரு பக்கம், தொழிலாளி ஒரு பக்கம் என்று இரண்டு தரப்பும் அடிபட்ட காலம் அது.

இன்று முறையாக இயங்கும் ஆலைகளில் கழிவு நீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கோ, ஆலையின் சொந்த நிலையத்துக்கோ போகிறது. அங்கே ஆர்.ஓ.வில் பிரித்த நல்ல தண்ணீர் திரும்பவும் சாயத்துக்கே வருகிறது. மிஞ்சும் உப்புக் கரைசலில் ஒரு பகுதியை மறுபடியும் சாயத்துக்குப் பயன்படுத்துகிறார்கள்; மற்றதைக் காய்ச்சி உப்பாக எடுக்கிறார்கள். இதற்கெல்லாம் மின்சாரம், விறகு, ஆள் என்று பெரிய செலவு. அந்தச் செலவுதான் கிலோ ரேட்டில் நம்மிடம் வருகிறது. யாராவது அதைவிட ரொம்பக் குறைத்து ரேட் சொன்னால், குறைந்த அந்தப் பணம் எந்த ஓடையில் போகிறது என்று கேட்க வேண்டியது நம் பொறுப்பு.

உப்பு என்று சொன்னேனே, அதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது, சாயத்தை நூலில் ஏற்றுவதற்கு உப்பு போட வேண்டும். கருப்பு, நேவி மாதிரி அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 80 கிராம் வரை போகும். ஒரு கிலோ துணிக்கு ஆறு லிட்டர் தண்ணீர் என்ற கணக்கில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 100 கிலோ துணி போட்டால் 600 லிட்டர் தண்ணீர், 48 கிலோ உப்பு. அதில் துணியோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும் உப்பு ஒன்றுமே இல்லை, போட்ட மொத்தமும் தண்ணீரோடு வெளியே வரும். சாயமும் முழுதாக ஏறுவதில்லை. ஒரு லாட், அதாவது மெஷினில் ஒரே தடவையில் போடும் துணி, முடிந்து மெஷினைத் திறந்துவிட்டால், ஆவி பறக்க மை மாதிரி கொட்டுகிறது. அப்புறம் சுடுதண்ணீர் வாஷ், சோப்பு, மறுபடியும் வாஷ். நாலாவது தண்ணீரிலும் கலர் தெரிகிறது. பழைய விஞ்ச் மெஷின் என்றால் தண்ணீர் இன்னும் அதிகம், உப்பும் அதற்கேற்ப அதிகம்.

இப்போது நம் கணக்கைப் போடுங்கள். முந்நூறு டி-ஷர்ட் என்றால் கிட்டத்தட்ட 75 கிலோ துணி. நாலு கலர் வேண்டும் என்போம். கலருக்கு 19 கிலோகூட வராது. இதை எடுத்துக்கொண்டு ஒரு நல்ல சாய ஆலைக்குப் போனால் என்ன ஆகும்? நூறு, இருநூறு கிலோ லாட் ஓட்டுகிற மெஷின் அங்கே இருக்கும். சாம்பிள் போடும் சின்ன மெஷினும் இருக்கலாம், ஆனால் ரேட் எகிறும், அதுவும் ஏற்றுமதி ஆர்டர் சாம்பிளுக்கே நேரம் போதாது. பெரிய மெஷினில் நம் சின்ன லாட்டைப் போட்டால், பம்ப் ஓடுவதற்குக் குறைந்தபட்சத் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும் என்பதால், கிலோவுக்கு ஆறு லிட்டர் என்ற கணக்கு உடைந்துவிடும். தண்ணீரோடு சேர்ந்து உப்பும் ஏறும். 'குறைவாகத்தான் தயாரிக்கிறோம், அதனால் பாதிப்பும் குறைவு' என்று நாம் பெருமையாகச் சொல்கிறோமே, கிலோ கணக்கில் பார்த்தால் அந்த முந்நூறு பீஸ் ஒரு பெரிய ஏற்றுமதி ஆர்டரைவிட அதிகத் தண்ணீர் குடித்திருக்கலாம்.

இவ்வளவு சின்ன லாட் வேண்டாம் என்று ஆலைக்காரர் சொன்னதும் நம்மில் சிலர் புரோக்கரிடம் போகிறோம். 'குடுங்க, நான் பாத்துக்கறேன்' என்பார். துணி இரண்டு நாளில் கலராகி வந்துவிடும், ரேட்டும் குறைவு. எங்கே போட்டார் என்று பில்லில் இருக்காது, சில நேரம் பில்லே இருக்காது. திருப்பூரில் கெடுபிடி வந்த பிறகு அனுமதியில்லாத பட்டறைகள் எங்கெங்கே முளைத்தன, குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதையெல்லாம் இடித்தது என்று செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். அந்தப் பட்டறைகளுக்கு வேலை கொடுப்பவர்கள் யார்? பெரிய ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு வெளிநாட்டு பையர் ஆடிட் இருக்கிறது. நம்மை ஆடிட் செய்ய ஆள் கிடையாது. சின்ன லாட் சேரும் இடம் அதுவாகத்தான் இருக்கிறது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

சட்டமும் இப்போது நம் டேக்கைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பூச்சு விளம்பரங்களை, அதாவது சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று பொய்யாகக் காட்டுவதை, தடுக்கும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பசுமை, இயற்கை, ஆர்கானிக், சஸ்டெயினபிள் என்றெல்லாம் சும்மா போட முடியாது. போட்டால் ஆதாரம் வேண்டும், அந்த விவரம் விளம்பரத்திலோ கியூஆர் கோடு மூலமோ வாங்குகிறவருக்குக் கிடைக்க வேண்டும். நான் இதை வரவேற்கிறேன். 'காட்ஸ் சர்டிபிகேட் வாங்கினால் தீர்ந்தது' என்று சிலர் சொல்வது தெரியும். ஆர்கானிக் துணிக்கான அந்தச் சர்வதேசத் தரநிலை நல்லதுதான், ஆனால் வருடா வருடம் கட்டும் கட்டணம் நம் அளவுக்குத் தாங்காது. சர்டிபிகேட் மட்டும் போதாது என்பதையும் பார்த்துவிட்டோம்: இந்தியாவில் போலி ஆவணங்களோடு 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று போனதைக் கண்டுபிடித்ததாக 2020-ல் காட்ஸ் அமைப்பே அறிவித்தது. காகிதத்தைவிட, துணி எங்கே சாயம் ஏறியது, அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று நாமே நேரில் போய்ப் பார்த்து எழுதிப் போடுவது எனக்கு நம்பிக்கையாக இருக்கிறது.

அதற்குத்தான் இந்தக் கோரிக்கை: லாட்டைச் சேர்ந்து போடுவோம்.

ஐந்து பிராண்டுகள் ஆளுக்கு 20 கிலோ கருப்பு கொண்டுவந்தால் ஒரு முழு மெஷின். முழு மெஷின் என்றால் முறையான ஆலை நம்மோடு பேசும், ரேட்டும் நியாயமாக இருக்கும், தண்ணீரும் உப்பும் கணக்குக்குள் அடங்கும். இன்னும் எளிதாக்க வேண்டுமென்றால் சாயத்தில் மட்டும் சேராமல் நூலிலேயே சேரலாம். 30-ஆம் நம்பர் கோம்டு நூல், 180 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி பின்னல் துணி. நம்மில் முக்கால்வாசிப் பேர் டி-ஷர்ட்டுக்கு வாங்குவது இதைத்தான். நூலைச் சேர்ந்து வாங்கி, ஒரே நிட்டிங் கம்பெனியில் ஓட்டி, ஒரே இடத்தில் சாயம் போட்டு, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்யும் வேலை) முடிந்த பிறகு எடை போட்டுப் பிரித்துக்கொள்ளலாம். பிராசஸில் குறையும் எடையும் அவரவர் பங்குக்கு ஏற்பக் குறையும், சண்டைக்கு இடமில்லை. பணத்தை நூல் வாங்கும்போதே ஆளாளுக்குக் கட்டிவிட வேண்டும். இதில் கடன் வைத்தால் முதல் லாட்டிலேயே உறவு முறிந்துவிடும்.

எல்லோருக்கும் பொதுவாக ஆறு கலரில் ஒரு ஷேட் கார்டு வைப்போம். அதில் ஒன்று சாயமே போடாத பஞ்சு நிறமாக இருக்கட்டும். வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்கிறது, நமக்கும் சாயத் தண்ணீர் மிச்சம். ஒரு வருடத்துக்குக் கார்டை மாற்ற வேண்டாம். லேப் டிப்பை (லாட் போடும் முன் ஆலை காட்டும் சின்ன நிறச் சாம்பிளை) யார் ஓகே செய்வது என்று ஒருவரை முன்னாலேயே முடிவு செய்துகொள்வோம். ஐந்து பேர் ஐந்து வெளிச்சத்தில் ஐந்து போனில் படம் பார்த்து ஷேட் அப்ரூவல் கொடுத்தால் அந்த லாட் ரீ-டையிங்குக்குத்தான் போகும். ரீ-டையிங் என்றால் இன்னொரு தடவை தண்ணீர், இன்னொரு தடவை உப்பு.

கலர் எல்லோருக்கும் ஒன்றானால் என் பிராண்டுக்கு என்ன தனித்தன்மை என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாடிக்கையாளர் நம்மிடம் திரும்பி வருவது பேட்டர்னுக்காக, கழுத்து துவண்டு போகாமல் நிற்பதற்காக, தையலுக்காக, பிரிண்டுக்காக. கடைக்குக் கடை கருப்பு கருப்புதான். உங்கள் பிராண்டின் அடையாளமே ஒரு தனி நிறம்தான் என்றால் அதை மட்டும் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள், மற்றவற்றைச் சேர்த்துவிடுங்கள்.

தையலைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பவர் டேபிளுக்கு, அதாவது கூலிக்குத் தைத்துத் தரும் சின்ன யூனிட்டுக்கு, நாம் கொடுக்கும் சின்ன ஆர்டரில், கை பழகுவதற்குள் பாதி பீஸ் முடிந்துவிடுகிறது. பத்தாயிரம் பீஸ் ஆர்டரின் பீஸ் ரேட்டை நம் இருநூறு பீஸுக்குப் பேசினால் நஷ்டம் டெய்லருக்கு. நாம் ரேட்டைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும், இதில் பேரம் வேண்டாம். அதைவிடக் கொடுமை பணம் இழுப்பது. எனக்குத் தைத்துத் தரும் பவர் டேபிள் அக்கா ஒருவர் சொன்னார்: 'ரேட்டு அஞ்சு பைசா முன்னப் பின்ன இருந்தாலும் பரவால்லீங்க, சனிக்கிழமை காசு வந்துரணும்.' டெய்லருக்கும் செக்கிங் பெண்களுக்கும் சம்பளம் வாராவாரம் சனிக்கிழமை. நாம் 60 நாள், 90 நாள் என்று இழுத்தால் அந்த அக்கா வட்டிக்கு வாங்கித்தான் சம்பளம் போடுவார். சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பவர் டேபிள்காரர்களில் பலர் பதிவு செய்யாததால் கேட்கப் போவதில்லை. கேட்காவிட்டாலும் சரக்கு எடுக்கும்போதே கொடுத்துவிடுவோம். தீபாவளிக்கு முந்தைய வாரம் டிசைனை மாற்றி, அவர்களை ஒன்றரை ஷிப்டைத் தாண்டி உட்கார வைப்பதையும் விட்டுவிடுவோம்.

நூல் சேர்ந்து வாங்குவதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று வருட ஒப்பந்தத்தில் மில் விடுதிகளில் அடைத்து வைத்த கதை நம் நூலோடு ஒட்டியிருக்கிறது. தனியாக ஒரு மூட்டை வாங்குகிறவர் எந்த மில் என்று கேட்டால் நூல் கடைக்காரர் பதில் சொல்லமாட்டார். பத்து மூட்டை சேர்ந்து வாங்கினால் சொல்வார். மில்லின் பெயர் தெரிந்தால் விடுதி எப்படி, சம்பளம் எப்படி, ஓவர்டைம் எப்படி என்று விசாரிக்கலாம். சரியில்லை என்றால் வேறு மில்லுக்கு மாறலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. முதலில் கருப்பையும் நேவியையும் மட்டும் எடுத்துக்கொள்வோம், உப்பு அதிகம் குடிப்பவை அவைதான். சித்திரை விற்பனைக்கான துணியை மாசி முதல் வாரத்தில் சாயத்துக்குப் போட்டால் நேரம் சரியாக இருக்கும். அதற்கு உங்களிடமிருந்து தை முடிவதற்குள் எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும்: எத்தனை கிலோ, எந்த நிறம், எப்போது பணம் கட்ட முடியும். சாய ஆலையைத் தேர்ந்தெடுக்கும் முன் எல்லோரும் சேர்ந்தே போய், சுத்திகரிப்பு நிலையம் வரை நடந்து பார்த்துவிட்டு வருவோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையை (ஆலை இயங்குவதற்கான அனுமதியை) காட்டாத ஆலைக்கு, ரேட் எவ்வளவு குறைவாக இருந்தாலும், லாட் போக வேண்டாம் என்பது மட்டும் என் நிபந்தனை.

இப்படிக்கு,
உங்களைப் போலவே முந்நூறு பீஸ் ஆர்டரோடு ஆலை வாசலில் நிற்கும் ஒரு பிராண்ட்காரி