நாய்க்கு செருப்பு கிடையாதுங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வெயிலுக்கு மோர் குடிங்க, குடை எடுத்துட்டு போங்கன்னு அரைப் பக்கத்துக்கு போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வாசல்ல படுத்துக் கிடக்குற வாயில்லா ஜீவனைப் பத்தி ஒரு வரி கூட காணோம். வெயில்ல காஞ்ச ரோடு நாயோட காலைப் பொசுக்கிடும்ங்கிற அந்த ஒரு வரிய சேத்துக்கச் சொல்லித்தான் ரங்கூன்லருந்து எழுதுறேன்.

இது எனக்கு புத்தி வந்த கதை. 2024 ஏப்ரல் ஞாபகம் இருக்கும், 28ஆம் தேதி மக்வே பக்கம் சவுக்ங்கிற ஊர்ல 48.2 டிகிரி அடிச்சு பர்மா சரித்திரத்துலயே ஏப்ரல்ல அப்படி ஒரு வெயில் இல்லன்னாங்க, ரங்கூன்லயே 40. அந்த வாரம் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போயிடுச்சு, வீட்டுக்குள்ள அடுப்புல ஒக்காந்த மாதிரி இருக்கு, சரி வெளிய கொஞ்சம் காத்தாவது வரும்னு எங்க நாய் கருப்பனை சங்கிலி போட்டு ரோட்டுக்கு கூட்டிட்டுப் போனேன். என் கால்ல ரப்பர் செருப்பு. அவன் ஒரு காலைத் தூக்குறான், அடுத்த காலைத் தூக்குறான், திடீர்னு ஒக்காருறான், எந்திரிக்கிறான். ஆட்டம் காட்டுறான்னு நெனச்சு நான்தான் சங்கிலிய வெடுக்குனு இழுத்தேன். அத நெனச்சா இன்னிக்கும் மனசு கேக்கல.

வீட்டுக்கு வந்து ஒரு மூலையில படுத்து காலை நக்கிக்கிட்டே இருந்தான். சிமெண்டு தரையில பொட்டுப் பொட்டா ரத்தம். காலைத் திருப்பிப் பாத்தா வெந்நீர்ல போட்ட தக்காளித் தோல் மாதிரி உள்ளங்கால் மெத்தை ஒரு ஓரமா சுருண்டு உரிஞ்சு தொங்குது, உள்ள ரோஸ் கலர்ல சதை. அம்மா மஞ்சப்பொடி டப்பாவத் தூக்கிட்டு ஓடியாந்தாங்க, பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா தனாக்கா (இங்க மூஞ்சில பூசிக்கிற மரப்பட்டை) அரைச்சுக் கொண்டாந்தாங்க, மாமா பாராசிட்டமால் ஒண்ண உடைச்சுக் குடுங்கன்னாரு. எல்லாரும் பாசத்துலதான் சொன்னாங்க, ஆனா மூணுமே தப்பாம். வெட்னரி டாக்டர் சொன்னது, மொதல்ல பைப் தண்ணிய பத்து பதினஞ்சு நிமிஷம் கால்ல ஊத்திக்கிட்டே இருங்க, ஐஸ் வேணாம், எதப் பூசினாலும் அது நக்கும், நக்கினா வயித்துக்குள்ளதான் போகும், மனுஷன் மாத்திரை குடுத்தா புண்ணை விட மாத்திரைதான் நாயைக் கொல்லும். மூணு வாரம் என் அக்கா பிள்ளையோட பழைய சாக்ஸ போட்டுக்கிட்டு திரிஞ்சான் கருப்பன்.

உள்ளங்கால் கெட்டியா டயர் மாதிரி இருக்கேன்னுதான் நாம ஏமாந்து போறோம். அதுவும் தோல்தான். காத்துல 30 டிகிரி இருக்கும்போதே வெயில் நேரா விழுற தார் ரோடு 55க்கு மேல போயிடுதுங்க, 60 டிகிரி வந்துட்டா தோல் வேக சில செகண்டே போதும். ரங்கூன்ல மார்ச்லருந்து மே வரைக்கும் 30ங்கிறது காலையில பலகாரம் சாப்பிடுற நேரத்துலயே வந்துடும். புறங்கையை ரோட்டுல வச்சு ஏழு எண்ணிப் பாருங்க, நமக்கு பொறுக்கலன்னா நாய்க்கும் பொறுக்காது. பொழுது சாஞ்சிடுச்சேன்னு ஆறு மணிக்கு கெளம்புறவங்களும் தொட்டுப் பாத்துட்டு கெளம்புங்க, பகல்ல குடிச்ச சூட்டை தார் லேசுல விடாது. விடியக்காலைதான் சரியான நேரம். ஒருத்தர் மேல ஒருத்தர் தண்ணி ஊத்திக்கிற பர்மா புதுவருஷத் தண்ணித் திருவிழா அன்னிக்கு இன்னும் கவனம், ஈரத்துல ஊறுன கால் மெத்தை மெதுவாயிடும், அதோட காஞ்ச ரோட்டுல ஓடினா சீக்கிரம் புண்ணாகும். காசு இருக்கவங்க நாய் ஷூ வாங்குறாங்க, தப்பில்ல, ஆனா நாய்க்கு வேர்க்கிறதே கால் அடியிலதான், நாள் பூரா மாட்டி வைக்காதீங்க. (இந்த ஊர்ல பனி நாய் ஹஸ்கிய வாங்கி வளக்குறவங்களுக்கு தனியா ஒரு லெட்டர் எழுதணும், அது இன்னொரு நாள்.)

வளக்குற நாய்க்காவது நாம இருக்கோம். தெரு நாய் எங்க போகும்? மத்தியானம் கடை வாசல் நிழல்ல, கோயில் வாசல் நிழல்ல வந்து சுருண்டா தண்ணிய ஊத்தி, கல்ல வீசி வெயிலுக்கு வெரட்டுறோம். நம்ம கோயிலுங்களையும் சேத்துத்தான் சொல்றேன், உள்ள பைரவர் பக்கத்துல நாய் செலைக்கு மாலை, வெளிய நெசமான நாய்க்கு வெளக்கமாறு. ஷ்வேடகன் பகோடாவுல சித்திரை வெயில்ல வெறுங்காலோட ஏறினவங்களுக்குத் தெரியும், விரிச்சிருக்க பாயை விட்டு ஒரு அடி தள்ளி வச்சா எப்படிக் குதிப்போம்னு. தீ மிதிக்கிறவங்களுக்கு கூட நாலு எட்டுல பால்குழி வந்துடும்.

அதனால கேக்குறது ரெண்டுதான். காலையில பதினோரு மணிலருந்து சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நிழல்ல படுத்த நாயை வெரட்டாதீங்க. அப்புறம் இந்த ஊர்ல புண்ணியத்துக்குன்னு தெருவுக்குத் தெரு தண்ணிப் பானை வச்சிருக்காங்களே, அது மனுஷன் கை எட்டுற உயரத்துல இருக்கு, அதுக்குக் கீழ ஒரு மண் சட்டியும் வச்சு ரொப்பி விடுங்க. எங்க சந்துல ரெண்டு வச்சிருக்கோம், ஒண்ண எவனோ தூக்கிட்டுப் போயிட்டான், இப்ப ஓரம் ஒடைஞ்ச சட்டியா பாத்து வச்சிருக்கோம், அத யாரும் தொடல.

பங்குனி முடியுறதுக்குள்ள இத போட்டீங்கன்னா உபகாரமா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க வாசகி,
ரங்கூன்