நீ கேட்ட கேள்விக்கு, கொஞ்சம் தாமதமாக

கண்ணா,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "என்னம்மா திடீர்னு தத்துவம், சமயம்னு கிளாசுக்குப் போற, உடம்பு மனசெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றாய். சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன், வயதானவர்கள் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் போனால் எல்லோரும் கை தட்டுகிறார்கள், தத்துவம் படிக்கப் போனால் மட்டும் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டதாக நினைக்கிறார்கள். நான் எங்கேயும் கிளம்பவில்லை, பயப்படாதே.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பக்தி முற்றியும் போகவில்லை. சமயச் சொற்பொழிவு கேட்பது வேறு, சமயத்தைப் பற்றிப் படிப்பது வேறு. அங்கே தலையாட்ட வேண்டும், இங்கே தலையாட்டினால் "ஏன் ஆட்டினீங்க?" என்று கேட்பார்கள். இதற்கு முன்னால் இன்னொரு வகுப்பில் சேர்ந்து மூன்றாவது வாரமே நின்றுவிட்டேன், உனக்குச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு மதம், நிறுவியவர் யார், நூல் எது, பண்டிகை எது என்று திரையில் ஓட்டினார்கள், ரயில் கால அட்டவணை படிக்கிற மாதிரி இருந்தது. வயதானவர்களுக்கு இவ்வளவு போதும் என்று யாரோ முடிவு செய்து நடத்துவது முதல் நாளே தெரிந்துவிடும்.

இப்போது போகிற இடத்தில் வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், பதினான்கு பேர். பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. ஒரு நூலில் இரண்டு பக்கம், சில நாள் அரைப் பக்கம், அவ்வளவுதான். எழுத்தைப் பெரிதாக அச்சடித்துத் தருகிறார்கள். காது மந்தமானவர்கள் முன்வரிசை, எனக்கு இரண்டாம் வரிசை. பெயர்கள்தான் நிற்க மாட்டேன் என்கின்றன, அதற்கென்றே நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கிவிட்டேன். இந்த மாதிரிப் படிப்பு ஏதோ புதுசு என்றும் நினைக்காதே. பிரான்சில் துலூஸ் நகரில் பியர் வெல்லா என்ற பேராசிரியர் 1973இல் ஓய்வு பெற்றவர்களுக்காக மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார், அது பிரிட்டனுக்குப் போனபோது பேராசிரியரே வேண்டாம், உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக் கொள்ளலாம் என்று ஆகிவிட்டது.

எங்களுக்கு ஆசிரியை உண்டு. உன்னைவிட நாலு வயது சின்னவள். முதல் வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வாழ்க்கையைப் பற்றி இந்தப் பெண் எனக்கு என்ன சொல்லிவிடப் போகிறாள் பார்க்கலாம் என்று. நாலாவது வாரம் அவள் சிவஞான சித்தியார் என்ற சைவ சித்தாந்த நூலை எடுத்தாள். அதை எழுதிய அருணந்தி சிவாச்சாரியார் ஆகமமெல்லாம் கரைத்துக் குடித்தவர், சகலாகம பண்டிதர் என்று பெயரே உண்டு. மெய்கண்டார் என்று ஒரு சின்னப் பையன் பாடம் சொல்கிறான், தன்னிடம் படித்தவர்களே அங்கே போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சோதித்துப் பார்க்கிற நினைப்பில் போய் நின்றாராம். ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டாராம். பையன் வாயைத் திறக்கவில்லை, அவரை உச்சி முதல் பாதம் வரை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். பெரியவர் அந்தப் பையனுக்கே சீடரானார் என்று மரபில் சொல்வார்கள். கதையை அவள் சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டு போனாள், என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்குத்தான் கட்டியிருந்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த நூலின் முதல் பகுதிக்குப் பரபக்கம் என்று பெயர். தன் கொள்கையைச் சொல்வதற்கு முன்னால் மற்றவர்கள் கொள்கையை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அதற்குப் பிறகே மறுக்கிறார். முதலில் நிற்பவனே உலகாயதன், கடவுளும் இல்லை மறுபிறப்பும் இல்லை என்பவன். அடுத்த பகுதி சுபக்கம், தன் கட்சி. ஆசிரியை இதை வைத்தே எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தாள். இரண்டு இரண்டு பேராக உட்கார வேண்டும், எதிரே இருப்பவரின் கருத்தை நாம் சொல்ல வேண்டும், "ஆமாம், இதுதான் என் கருத்து" என்று அவர் ஒப்புக்கொண்டால்தான் நாம் மறுக்கலாம். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? எனக்குக் கிடைத்தவர் ஓய்வு பெற்ற எஞ்சினியர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர். நான் ஆரம்பித்தேன், "வாழ்க்கையில் நிறைய அடி பட்டதால் இவருக்கு நம்பிக்கை போய்விட்டது." அவர் கோபப்படவில்லை, "அம்மா, இது என் கதை. என் வாதம் எங்கே?" என்றார். இரண்டாவது முறை, "விஞ்ஞானம் படித்ததால்" என்று தொடங்கினேன், அதற்கும் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். மூன்றாவது முறைதான் கொஞ்சம் நிதானித்து, "எல்லாம் வல்லவர், நல்லவர் என்று ஒருவரைச் சொல்கிறீர்கள், ஒரு பாவமும் அறியாதவர்கள் வலியில் துடிப்பதும் நடக்கிறது, இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று காட்டுங்கள், காட்டும் வரை நான் நம்புவதற்கில்லை" என்றேன். அவர் "ஆமாம்" என்றார்.

மறுப்பு என் முறை. ஒரு வார்த்தை வரவில்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். உனக்குப் பதின்மூன்று வயது, பாட்டி போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, நீ கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, கால் விரலால் தரையைக் கீறியபடி, "சாமி நல்லவர்னா பாட்டிக்கு ஏன் அவ்வளவு வலி?" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, போய்ப் படி." அதற்கப்புறம் இந்த மாதிரி எதையும் நீ என்னிடம் கேட்டதே இல்லை. பதில் தெரிந்து அதட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, எனக்கும் அதே கேள்விதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது, நீ சத்தமாகச் சொல்லிவிட்டாய். என்னையும் சின்ன வயதில் இப்படித்தான் வாயடைத்தார்கள் என்பதைச் சமாதானமாகச் சொல்ல மாட்டேன்.

சரி, பதில் கிடைத்ததா என்று கேட்பாய். இல்லை. எபிகூரஸ் என்ற பழைய கிரேக்கத் தத்துவ ஞானி ஒரு கடிதத்தில் எழுதியதைப் படித்தோம், நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை, பிறகு பயம் எதற்கு என்கிறார். சாமர்த்தியமான வாதம். வகுப்பில் ஒரு அம்மா, கணவரை இழந்து ஒரு வருடம்தான் ஆகிறது, கையை உயர்த்தி, "போனவருக்கு ஒன்றும் இல்லை, சரி. இருக்கிறவளுக்கு?" என்றார். ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை, பலகையில் அந்தக் கேள்வியை அப்படியே எழுதினாள், அடுத்த இரண்டு வாரமும் அதைத்தான் பேசினோம். அப்போதுதான் பைபிளில் யோபு கதை வந்தது. பிள்ளைகளும் செல்வமும் போய் உடம்பெல்லாம் புண்ணாகி உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள், ஏழு நாள் இராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்து, நீ ஏதாவது தப்பு செய்திருப்பாய் என்று விளக்கம் கொடுக்கிறார்கள், அங்கேதான் கெடுக்கிறார்கள். உன் அப்பா போனபோது நம் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இப்படி விளக்கம் சொன்னவர்கள்தான், எனக்கு அவர்கள் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நானும் எத்தனை வீட்டில் போய் இதையே செய்திருக்கிறேன் என்பதும்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்றும் நினைக்காதே. எங்கள் வயதுக்காரர்களுக்குப் பெரிய வியாதி ஒன்று உண்டு, எதைப் படித்தாலும் "என் அனுபவத்துல பார்த்தீங்கன்னா" என்று தொடங்கி இருபது நிமிடம் விடாமல் பேசுவது. ஆசிரியை இப்போது விதியே போட்டுவிட்டாள், முதலில் நூல் என்ன சொல்கிறது, அப்புறம்தான் நம் கதை. ஒருவர் தன் மதத்தைப் பற்றி வேறு யாரும் பேசக்கூடாது என்று எழுந்து போனார், அடுத்த வாரம் ஒன்றும் நடக்காதது போல வந்து உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது மணிமேகலைக்கு வந்திருக்கிறோம். வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக்காரரிடமும் போய் "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். இளம்பெண் என்றால் யாரும் சொல்லமாட்டார்கள் என்று மந்திரத்தால் துறவி உருவம் எடுத்துக்கொண்டு போகிறாள். எனக்கு மந்திரம் தேவைப்படவில்லை, நரையே போதுமாக இருந்தது. சைவர், வைணவர், ஆசீவகர், சாங்கியர் என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் பூதவாதியிடம், அதாவது ஐம்பூதங்கள் சேர்ந்ததுதான் எல்லாம் என்கிறவனிடம், வருகிறாள். கண்ணால் கண்டதுதான் உண்மை, ஊகமெல்லாம் செல்லாது என்கிறான் அவன். உன் தாய் தகப்பன் இவர்கள்தான் என்று ஊகத்தால் அல்லாமல் வேறு எப்படித் தெரிந்துகொண்டாய் என்று திருப்பிக் கேட்கிறாள். வகுப்பே சிரித்தது. எங்கள் எஞ்சினியர், "டிஎன்ஏ சோதனை இருக்கிறதே" என்றார். "அடையாளத்தைப் பார்த்து உறவை முடிவு செய்வதுதானே, அதுவும் ஊகம்தான் சார்" என்றாள் ஆசிரியை. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் பூதவாதியின் கட்சியை நான் எடுத்துச் சொல்ல வேண்டும். அவனே வந்து கேட்டாலும் "ஆமாம்" என்று சொல்லும்படி இருக்க வேண்டுமாம். எஞ்சினியரைக் கேட்கலாம்தான், ஆனால் பதின்மூன்று வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த பூதவாதி நீதான். ஞாயிற்றுக்கிழமை நேரம் இருக்கும்போது கூப்பிடு, நீ என்ன நினைக்கிறாய் என்று முதலிலிருந்து சொல்லு. நடுவில் குறுக்கே பேச மாட்டேன். எழுதிக்கொள்ள நோட்டு பக்கத்திலேயே இருக்கும்.

அம்மா